சுயவிபரக்கோவை எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?

"மகன் வேலைக்கு விண்ணப்பிக்கிறான், ஒருக்கால் பாருங்கோ பாதர்" என்று ஒரு தாய் நாலு தாள்களைத் தந்தார். முதல் இரண்டு பக்கமும் பெற்றோர், சகோதரர் விபரமும் இடம்பெயர்ந்த ஊர்களின் வரிசையுமே. மகன் ஆறு வருடம் உழவு இயந்திரம் ஓட்டியதும் திருத்தியதும் எங்கும் இல்லை. கேட்டபோது, "அது எங்கட வீட்டு வேலைதானே" என்றார்.

பிழை இங்கேதான் இருக்கிறது. நெல்லைத் தூற்றும்போது பதரை விட்டு மணியை எடுக்கிறோம். இதுவும் அப்படித்தான். வேலை தருபவர் முடிவெடுக்கத் தேவையானது மணி, மற்றதெல்லாம் பதர்.

1482ஆம் ஆண்டளவில் லியனார்டோ டாவின்சி மிலான் ஆட்சியாளரிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் உள்ளது. பாலம், பீரங்கி, முற்றுகைக் கருவிகள் செய்யும் திறமையை முதலில் எழுதினார். ஓவியத்தைக் கடைசியிலேயே குறிப்பிட்டார். ஆட்சியாளருக்கு எது தேவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

எனவே, பாடசாலை முடித்தவருக்கு ஒரு பக்கம் போதும். பல வருட அனுபவம் உள்ளவருக்கு இரண்டு பக்கம். வர்த்தமானியில் வரும் அரச பதவிகளுக்கு அங்கே தரப்படும் மாதிரிப் படிவத்தையே பின்பற்ற வேண்டும்.

பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், செய்யக்கூடிய வேலைகள், அனுபவம், கல்வி, உறவினரல்லாத இருவரின் பெயர். இந்த ஒழுங்கு போதுமானது. "விவசாயம்" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை ஏக்கர், என்ன பயிர், எந்த இயந்திரம், எத்தனை வருடம் என்று எழுதுங்கள்.

இடையில் விடுபட்ட வருடங்களை மறைக்கவும் வேண்டாம், பக்கமாக விரிக்கவும் வேண்டாம். "2008–2010: இடம்பெயர்வு, செட்டிகுளம் முகாம்" என்ற ஒரு வரி போதும். அது வெட்கப்படவேண்டிய வரி அல்ல. முகாமில் தொண்டராகப் படிப்பித்திருந்தால் அதை அனுபவத்தில் சேருங்கள்.

சான்றிதழ் இல்லாமல் கைப்பழக்கத்தால் தொழில் கற்றவர்களைச் சோதித்து, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் நம் நாட்டில் உண்டு. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். அதைக் குறிப்பிடும் ஒரு வரி பல பக்கங்களைவிடப் பாரமானது.

அந்த மகனின் நாலு பக்கம் ஒரு பக்கமாயிற்று. முதல் வரியில் உழவு இயந்திரம் இருந்தது.