சாம்பல் நிறம் எங்கே?

பணி ஓய்வு பெற்ற எங்கள் கணித ஆசிரியைக்கு வாழ்த்து மடல் ஒன்று தயாரித்தோம். அதன் மூலையில் அவர்களுடைய பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை ஓர் அங்குல அகலத்தில் லேசர் அச்சுப்பொறியில் அச்சிட்டோம். அந்தோ! கண்களும் புன்னகையும் திட்டுத் திட்டாகி, ஆளே அடையாளம் தெரியவில்லை.

காரணம் அறிய உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தோம். என்ன வியப்பு! சாம்பல் நிறமாகத் தெரிந்த இடத்தில் சாம்பலே இல்லை. வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள் மட்டுமே இருந்தன!

ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி ஸ்டார்க்வெதர் 1969-இல் கண்டுபிடித்த இப்பொறியினுள், மின்னூட்டம் பெற்ற உருளை ஒன்று சுழல்கிறது. லேசர் ஒளி உருளையில் படத்தை வரைய, டோனர் என்னும் கறுப்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்கிறது. பின் அது தாளுக்கு மாறி, வெப்பத்தால் உருகிப் பதிகிறது. தூள் ஓரிடத்தில் விழும், அல்லது விழாது. வெளிர் நிறத் தூள் என ஒன்று இல்லை. பிறகு சாம்பல் எப்படி வந்தது?

வரிசைக்கு 8 புள்ளிகளாக 8 வரிசைகள், மொத்தம் 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டத்தை எண்ணிக்கொள்வோம். 16 புள்ளிகள் கறுத்தால் வெளிர் சாம்பல். 32 கறுத்தால் நடுத்தரச் சாம்பல். 64-உம் கறுத்தால் முழுக் கறுப்பு. வெள்ளையையும் சேர்த்து 65 நிலைகள்! கறுப்பு உளுந்தும் அரிசியும் கலந்த முறத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பதுபோல, நம் கண்ணே அவற்றைக் கலந்து காண்கிறது. இதுவே ஹாஃப்டோன் முறை. நியூயார்க்கின் டெய்லி கிராஃபிக் நாளிதழ் 1880-லேயே இம்முறையில் புகைப்படம் வெளியிட்டது.

எங்கள் படம் ஏன் கெட்டது? அங்குலத்துக்கு 600 புள்ளிகள் இடும் பொறியில், அங்குலத்துக்கு 75 கட்டங்களே அமையும். ஆசிரியையின் கண்ணுக்கு நான்கைந்து கட்டங்கள்தாம் கிடைத்தன! வரிசைக்கு 4 புள்ளிகளாகக் கட்டத்தைச் சிறிதாக்கினால் 150 கட்டங்கள் கிடைக்கும். ஆனால் நிறநிலைகள் 17 ஆகக் குறைந்துவிடும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்கவேண்டும்.

ஆகவே படத்தையே 4 அங்குல அகலமாக்கி, மடலின் முகப்பில் அச்சிட்டோம். இப்போது அகலத்தில் 300 கட்டங்கள்! கண்கள் தெளிந்தன, புன்னகை மலர்ந்தது. மடலைப் பெற்ற ஆசிரியை, "அட, நானேதான்!" என்று மகிழ்ந்தார்கள். அவர்கள் கற்பித்த பெருக்கலும் வகுத்தலும் அவர்கள் முகத்தையே மீட்டுத் தந்தன அல்லவா?