பல பூனைகள் வாழும் இல்லத்தில் மணல்தட்டு

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் மக்களுக்குப் பூனை என்பது விலை கொடுத்து வாங்கிய பிராணி அன்று. அரிசி மூட்டை இருந்த இடத்திற்கு எலி வந்தது. எலி வந்த இடத்திற்குப் பூனை தானே வந்தது. அது எங்கே சென்று மலசலம் கழிக்கின்றது என்று எவரும் ஆராய்ந்ததில்லை. லயத்தின் பின்புறம் முழுவதும் மண்ணாகவே இருந்தது. ரப்பர் மரத்தடியில் உதிர்ந்து மக்கிய சருகும், கீரைப்பாத்தியின் இளகிய மண்ணும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. பாத்தியைக் கிளறிய பூனையின்மீது விறகுக்கட்டையை வீசிய பாட்டிமார் அந்நாளில் பலர் உண்டு. பிணக்கு அம்மட்டோடு முடிந்தது.

ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின்னர், கெடா மாநிலத்து நம்மவர் பலர் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங் முதலிய ஊர்களின் தாமான்களிலும் மலிவு விலை வீடுகளிலும் குடியேறினர். பூனைகளும் உடன் வந்தன. ஆனால் இங்கே முன்வாயிலும் சிமெந்து, பின்வாயிலும் சிமெந்து, அதற்கப்பால் கான்கிரீட்டுக் கால்வாய். பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையைப் பெற்றுக்கொள்ள வரும் தாய்மார் சிலர், பாடத்தைப் பற்றிப் பேசி முடித்தபின், தயங்கியவாறே வேறொரு குறையையும் கூறுவதுண்டு. மெத்தையில் நாற்றம், துவைத்த துணிக்கூடையில் நாற்றம், சாமி மேடையின் அடியிலும் நாற்றம். வீட்டில் பூனைகளோ நான்கு அல்லது ஐந்து.

பொறுமை இழந்த தந்தை ஒருநாள் பூனைகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவார். மறுநாள் பிள்ளை வகுப்பில் எழுதுகோலைத் தொடாமல் அமர்ந்திருக்கும். சந்தையில் விட்ட பூனை மீனும் கோழியும் தின்று கொழுக்கும் என்பது நாம் நமக்கே கூறிக்கொள்ளும் ஆறுதல். உண்மை அதுவன்று. வீட்டில் வளர்ந்த பூனை அங்கே முன்னரே உள்ள பூனைகளிடம் கடியுண்ணும். வண்டிகளுக்கு ஒதுங்கத் தெரியாமல் அடிபடும். ஆதலின் சாக்கை எடுக்குமுன், வீட்டில் மணல்தட்டுகள் எத்தனை உள்ளன, அவை எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பவற்றைப் பெற்றோர் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலான இல்லங்களில் குறை அங்கேதான் இருக்கின்றது.

பூனை ஏன் மண்ணைத் தேடுகின்றது? இன்றைய வீட்டுப்பூனை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனையின் வழித்தோன்றல். சைப்ரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதருக்கு அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். (நம் பண்டைத் தமிழர் காட்டுப்பூனையை வெருகு என வழங்கினர் என்பதை உயர்வகுப்பு மாணவர் குறித்துக்கொள்க.) நீர் அரிதான நிலத்தில் தோன்றிய பிராணியாதலால் அதன் சிறுநீர் மிகவும் செறிவானது. அதில் ஃபெலினின் என்னும் கந்தகம் சேர்ந்த பொருள் ஒன்று உண்டு. கழித்தவுடன் அவ்வளவாக மணக்காத அப்பொருள் நேரம் செல்லச் செல்லச் சிதைந்து நாற்றமாகின்றது. கடுவன் பூனையிடம் இது மிகுதி. காலையில் தெரியாத நாற்றம் மாலையில் வீடு திரும்பும்போது மூக்கைத் துளைப்பது இதனாலேயே. மண்ணைக் கிளறி மூடும் வழக்கமோ பிறவியிலேயே அமைந்தது. பிறந்து நான்கு வாரமான குட்டியும், எவரும் கற்பிக்காமலே, இளகிய மண்ணைக் கண்டால் கிளறத் தொடங்கிவிடும்.

வீட்டினுள் மணல்தட்டு வைக்கும் பழக்கம் பரவியது அண்மைக்காலத்தில்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டில் எட் லோ என்பவர், அதுவரை சாம்பலும் மணலும் இட்டுவந்த அண்டை வீட்டுப் பெண்மணிக்கு, ஈரத்தை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணைக் கொடுத்தார். அதிலிருந்தே இவ்வணிகம் வளர்ந்தது. ஈரம் பட்டவுடன் கட்டியாகும் பெண்டோனைட்டு மணல் 1980களில் வந்தது. எனவே தட்டு நமக்கு ஏற்ற வசதியாயினும், பூனைக்கு அது பழைய மண்ணின் பதிலிதான். பதிலி சரியாக அமையாதபோது அது வேறோர் இடம் தேடுகின்றது. நம்மைப் பழிவாங்கவேண்டும் என்னும் எண்ணம் அதற்கில்லை.

தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் நிலையைச் சான்றாகக் காட்டுவோம். வீட்டில் தாய்ப்பூனை ஒன்று, அதன் குட்டிகள் மூன்று, வெளியிலிருந்து வந்து சேர்ந்த கடுவன் ஒன்று, ஆக ஐந்து. தட்டோ ஒன்றே, அதுவும் சமையலறையில் சலவை இயந்திரத்தின் அருகே. கடைக்குட்டி நாள்தோறும் அன்னையாரின் கட்டிலை நனைத்தது. அடித்தனர், மூக்கை அதில் தேய்த்தனர். கட்டில் நனைவது நிற்கவில்லை. நாம் சென்று சிறிது நேரம் அமர்ந்து பார்த்தபோது காரணம் புலப்பட்டது. கடுவன் பூனை சமையலறை வாயிற்படியின் குறுக்கே படுத்திருந்தது. சீறவும் இல்லை, நகத்தை நீட்டவும் இல்லை, பார்வை ஒன்றே போதுமாயிருந்தது. கடைக்குட்டி பாதி வழி வந்து திரும்பிப் படுக்கையறைக்குச் சென்றுவிட்டது. கட்டில் மெத்தென்றது, கிளறலாம், மேலே நின்றால் வருவார் போவார் எல்லாம் தெரியும். அதற்கு இவற்றைவிட வேறென்ன வேண்டும்?

பூனை கூட்டமாக வாழ இசையுமாயினும் தனித்து வேட்டையாடும் பிராணி. தன் வழியையும் இடத்தையும் பிறர்க்கு எளிதில் விடாது. ஆகவே கால்நடை மருத்துவர்கள் பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டித் தட்டுகளை வைக்குமாறு அறிவுறுத்துகின்றனர். ஐந்து பூனைக்கு ஆறு தட்டு என்றால், இரண்டு அறை வீட்டில் மனிதர் எங்கே வாழ்வது என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. நம் கருத்தில், எண்ணிக்கையினும் இடம் முதன்மையானது. ஆறு தட்டுகளை ஒரே சுவரோரம் வரிசையாக வைத்தால், வாயிலைக் காக்கும் கடுவனுக்கு அவை ஒரே தட்டுதான். மூன்றோ நான்கோ ஆனாலும் வெவ்வேறு மூலைகளில், ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி, ஒரு பூனை வழிமறித்தால் மற்றொன்று வேறுவழியே ஓடத்தக்கவாறு வைத்துவிட்டு, காலையும் மாலையும் அள்ளிவந்தால் போதிய பயன் உண்டு. உணவுத் தட்டின் அருகிலும், திடீரென்று அதிரும் சலவை இயந்திரத்தின் அருகிலும் வைத்தல் ஆகாது.

அவ்வீட்டில் பின்புறக் குளியலறை அருகே ஒன்று, பிள்ளைகளின் அறை மூலையில் ஒன்று, முன்வாசலில் காலணித் தட்டுக்குப் பின்னால் ஒன்று என மூன்று இடங்கள் தேர்ந்தோம். முன்வாசலில் வைக்கத் தந்தையார் இசையவில்லை. விருந்தினர் என்ன நினைப்பார் என்றார். மெத்தையின் நாற்றத்தை விருந்தினர் நுகர்வதைவிடக் காலணிக்குப் பின்னால் இருக்கும் தட்டைக் காண்பது மேலன்றோ?

தட்டுக்குப் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. துணி ஊறவைக்கும் பழைய பிளாஸ்டிக் தொட்டியே சிறந்தது. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை பூனையின் நீளம் எவ்வளவோ, அதில் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். கடைகளில் விற்கும் தட்டுகள் பல இதற்குச் சிறியவை. முதிய பூனைக்கும் குட்டிக்கும் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிடலாம். மூடியிட்ட பெட்டி நம் கண்ணுக்கு நாற்றத்தை மறைப்பதுபோல் தோன்றினும், உள்ளே அதனை அடைத்துவைக்கின்றது. தப்ப ஒரே வாயில் என்பதால் அஞ்சும் பூனை அதனுள் நுழையாது. மணல் இரண்டு மூன்று விரல் ஆழம் இருக்கட்டும். நுண்ணிய மணலையே பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. ஆற்றுமணல் அவற்றுக்குப் பிடிக்கும். ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்காதாதலால் அடிக்கடி மாற்றவேண்டும். மரத்தூள் உருளைகள் மலிவு; ஆயினும் மணலுக்குப் பழகிய பூனையிடம் அவற்றைத் திடீரென்று திணித்தலாகாது. பழைய மணலில் சிறிது சிறிதாகக் கலந்து இரண்டு வாரத்தில் மாற்றுக. மல்லிகை, எலுமிச்சை என மணமூட்டிய மணல் வாங்குவோரின் மூக்குக்காகச் செய்யப்பட்டது.

இவையெல்லாம் உடல்நலமுள்ள பூனைக்கு உரியவை. தவறாது தட்டைப் பயன்படுத்திய பூனை ஒருநாள் திடீரென்று மாறினால், முதலில் நோயை ஐயுறுக. சிறப்பாக, கடுவன் பூனை மீண்டும் மீண்டும் குந்தி முக்கியும் சிறுநீர் வரவில்லையாயின் அது மலச்சிக்கல் அன்று, சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும். வலிக்கென்று மனிதர் உண்ணும் பாராசிட்டமோல் மாத்திரையில் சிறு துண்டும் கொடுத்தலாகாது. பூனைக்கு அது நஞ்சு.

மற்றொரு வேறுபாட்டையும் அறிதல் வேண்டும். குந்தித் தரையில் கழிப்பது வேறு. நின்றவாறு வாலை நடுக்கிச் சுவரிலோ கதவிலோ பீய்ச்சுவது வேறு. பின்னது எல்லை குறிக்கும் செயலாதலின், தட்டைக் கூட்டினால் மட்டும் அது நிற்காது. காயடித்தல் என நம்மவர் கூறும் அறுவைக்குப்பின் கடுவன்களில் பத்துக்கு ஒன்பது இதனை நிறுத்துகின்றன அல்லது பெரிதும் குறைக்கின்றன. அது பாவம் என்று கூறும் பெரியோரை நாம் அறிவோம். பெட்டைப்பூனை ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈனும்; ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும் ஈனக்கூடும்; நான்கைந்து மாதத்திலேயே குட்டியும் தாயாகும் பருவம் எய்திவிடும். சாக்கில் கட்டப்படும் குட்டிகளை எண்ணிப் பார்த்தபின் பாவம் எது என்று அப்பெரியோரே கூறட்டும்.

நனைந்த இடத்தை முதலில் துணியால் ஒற்றியெடுத்து, நீராலும் பின் நொதி கலந்த சலவைத் தூளாலும் கழுவவேண்டும். நாற்றம் எஞ்சினால் பூனை அவ்விடத்திற்கே திரும்பும். அம்மோனியா கலந்த நீர்மம் சிறுநீரையே நினைவூட்டும். குளோரின் வெளுப்புநீரைச் சிறுநீர்மீது ஊற்றினால் மூச்சைத் தாக்கும் வளி எழும். நம் வீடுகளில் எதற்கும் எடுக்கும் பினாயிலும் டெட்டாலும் இன்னும் தீயவை. அவற்றிலுள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க இயலாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அவை உடலுட் செல்லும்.

கருவுற்ற தாய்மார் உள்ள இல்லங்களுக்கு ஒரு சொல். டாக்சோபிளாசுமா என்னும் நுண்ணுயிர் 1908-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது; ஆயினும் அது பூனையின் மலத்தின்வழிப் பரவும் என்பது 1970-ஆம் ஆண்டை ஒட்டியே தெளிவாயிற்று. கருவிலுள்ள சேயை அது தாக்கக்கூடும். ஆனால் மலத்தில் வெளிவரும் அதன் முட்டையுறை தொற்றும் தன்மை பெற ஒன்றிலிருந்து ஐந்து நாள்கள் ஆகும். ஆகவே நாள்தோறும் அள்ளுவதே பெரும் காப்பு. அவ்வேலையைக் கருவுற்றவரிடம் விடாமல் வீட்டில் வேறொருவர் செய்க. இந்நோய் வேகாத இறைச்சியாலும் கழுவாத காய்கறியாலும் வருவதே மிகுதி. பூனையை விரட்டிவிட்டு அரைவேக்காட்டு இறைச்சி உண்பதில் பொருளில்லை.

அவ்வீட்டின் செய்தியையும் கூறிவிடுவோம். கடுவனுக்கு அறுவை நடந்தது. ஒரு மாதத்திற்குள் கட்டில் நனைவது நின்றது. தாய்ப்பூனை மட்டும் எந்தத் தட்டையும் மதியாமல், கால்வாய் ஓரத்தில் எஞ்சிய ஒரு சாண் மண்ணுக்கே இன்றும் செல்கின்றது. அதனை அவர்கள் விட்டுவிட்டார்கள்.

அள்ளியதைக் கழிவறையிலும் கால்வாயிலும் கொட்டாமல் பழைய செய்தித்தாளில் பொதிந்து குப்பைத் தொட்டியில் இடுக, கீரைப்பாத்திக்கு எருவாக்கற்க. பின்னர்க் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. தாமான் முழுவதற்கும் உரிய மிகப்பெரிய மணல்தட்டு பள்ளித் திடலின் நீளம் தாண்டும் மணற்குழியே என்பதை மாணவர் அறிவர். பூனையின் மலத்திலுள்ள கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோல்வழி நுழையுமாதலால், பயிற்சி முடிந்ததும் குழியைத் தார்ப்பாயால் மூடி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டுச் செல்லவேண்டும். இவ்வேலைக்கு ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் முறைவைத்து அமர்த்தப்படுவர்.