‘ஜீன்ஸ்’ என்னும் ஆகுபெயர்

ஆகுபெயர் என்றால் ஏட்டில் மட்டும் உள்ள இலக்கணம் என்று மாணவர் பலர் எண்ணிவிடுகின்றனர். அவர்கள் உடுத்தும் ‘ஜீன்ஸ்’ என்பதே அவ்விலக்கணத்திற்குத் தக்க சான்றாகும்.

அச்சொல் முதற்கண் காற்சட்டையைக் குறித்ததன்று, துணியைக் குறித்ததுமன்று. அஃது ஓர் ஊரின் பெயர். இத்தாலியின் துறைமுக நகரமாகிய ஜெனோவாவைப் பிரெஞ்சுக்காரர் ‘ஜென்’ என்பர். அவ்வூரின் பெயரால் வழங்கிய முரட்டுத் துணியை 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் அறிந்திருந்தனர். அதுவே ‘ஜீன்’ ஆயிற்று. ‘டெனிம்’ என்பதும் பிரான்சிலுள்ள நீம் நகரின் பெயரடியாகப் பிறந்தது என்பது பலர் கொள்கை. நம் நாட்டுக் கோழிக்கோடும் இவ்வாறே ‘காலிகோ’ என்னும் துணிக்குப் பெயர் தந்தது.

ஜீனும் டெனிமும் ஒன்றல்ல. ஜீனில் பாவும் ஊடையும் ஒரே நிறத்தன. டெனிமில் பாவு நீலம், ஊடை வெள்ளை. அமெரிக்காவில் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் வணிகர் லெவி ஸ்டிராஸும், கிழியும் இடங்களில் செப்புக் குமிழாணி அடித்த உழைப்பாளர் காற்சட்டைக்கு 1873 மே 20இல் காப்புரிமை பெற்றனர். அதனை அவர்கள் ‘ஓவரால்ஸ்’ என்றே வழங்கினர். ‘ஜீன்ஸ்’ என்பது அதற்குப் பெருவழக்கானது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். ஆகவே, இன்று நாம் காணும் நீலக் காற்சட்டையில் துணி டெனிம். பெயர் மட்டுமே ஜீன்.

இனி இலக்கணத்திற்கு வருவோம். தொல்காப்பியர் கூறும் ஆகுபெயர் வகைகளுள் ‘பிறந்தவழிக் கூறல்’ ஒன்று. குழிப்பாடி என்னும் ஊரின் பெயர் அங்குப் பிறந்த ஆடைக்கு ஆகி வருவதை உரையாசிரியர் இதற்குக் காட்டுவர். ‘இயன்றது மொழிதல்’ மற்றொன்று. பொன்னாற் செய்த குடத்தைப் பொன் என்றல் அதற்கு எடுத்துக்காட்டு. ஜெனோவாவின் பெயர் துணிக்கு ஆனது முன்னதன்பாற்படும். துணியின் பெயர் காற்சட்டைக்கு ஆனது பின்னதன்பாற்படும். ஒரு சொல்லில் ஈராகுபெயர் அடுத்தடுத்து நிகழ்ந்துள்ளமை காண்க.

இறுதியில் நிற்கும் ‘ஸ்’ ஆங்கிலப் பன்மை விகுதி. காலிரண்டு உண்மையின் ஆங்கிலேயர் பன்மையாக்கினர். மலாய் மொழியினர் அதனை விடுத்துச் ‘சிலுவார் ஜீன்’ என்பர். நாமோ விகுதியோடு ஏற்று ஒருமையாகக் கொண்டோம். ஆதலின் ‘ஒரு ஜீன்ஸ்’ என மாணவர் எழுதினால் அதனைப் பிழையெனத் திருத்தவேண்டுவதில்லை.

குழிப்பாடியை இன்று கண்டவர் இலர். ஜீன்ஸை அறியாத மாணவரும் இலர். ஆசிரியர் இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிப்பின், தொல்காப்பியர் கண்டது பழந்தமிழுக்கு மட்டும் உரிய விதியன்று, மக்கள் பெயரிடும் இயல்பே என்பது மாணவர் நெஞ்சில் எளிதிற் பதியும்.