உங்களுக்குத் தெரியுமா? காதுவலி தாடையிலிருந்தும் வரலாம்!

காதுக்குள் குத்துகிறது, பார்த்தால் காதில் ஒன்றுமே இல்லை. அப்போது தாடை மூட்டைச் சந்தேகிக்கலாம். காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் உருண்டு நகர்வது அந்த மூட்டுதான். கதவுக்கீல் போலச் சுழல்வதோடு, முன்னோக்கி வழுக்கவும் செய்யும். எலும்புகளுக்கு இடையே மெல்லிய வட்டு ஒன்று உண்டு. அது இடம் பிசகித் திரும்பும்போதுதான் ‘டக்’ சத்தம். வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம்.

மூட்டுக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால் வலி காதில் தெரிகிறது. நெற்றிப்பொட்டுக்கும் கழுத்துக்கும்கூடப் பரவும். அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934-லேயே இந்தத் தொடர்பை எழுதினார்.

சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. இப்போது தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? கவலையில் பல்லை இறுகக் கடிப்பதும், தூக்கத்தில் நறநறவென்று கடிப்பதும் மூட்டை வாட்டும். பலருக்கு மென்மையான உணவும் வெந்நீர் ஒத்தடமுமே போதும். அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கவோ ராவவோ சம்மதிக்காதீர்கள். மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கவில்லையா? பல் மருத்துவரைப் பாருங்கள். தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.