சாவி திருப்புமுன் பத்து நிமிடம்: மின் போர்க்லிஃப்ட் வண்டியோடு வேலை செய்வோருக்கு

மண்ணை நம்பி வாழ்ந்த எமது குடும்பங்கள் பல, மண்ணை விட்டு வெளியேறிய பின்னர் முன்பின் அறியாத வேலைகளைச் செய்து பிழைக்க நேர்ந்தது. போர் 2009இல் முடிந்தது. ஆனால் இடம்பெயர்ந்த எல்லோரும் தத்தம் வயலுக்கும் தோட்டத்துக்கும் திரும்பிவிடவில்லை. மண்வெட்டி பிடித்த கைகள் இன்று நெல், உரக் களஞ்சியங்களிலும் குளிரூட்டிய பண்டசாலைகளிலும் மூட்டை அடுக்குகின்றன. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களிலும் பலர் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

இத்தகைய இடங்களில் சுமை தூக்குவது போர்க்லிஃப்ட் என்னும் வண்டி. முன்புறம் இரண்டு இரும்புக் கவர்களை நீட்டிக்கொண்டு நிற்கும் இதில், பற்றறியில் ஓடும் வகையே மூடிய களஞ்சியங்களில் பெரும்பாலும் பாவிக்கப்படுகிறது. புகை இல்லை, சத்தம் இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் சத்தம் இல்லாததே அதன் முதல் ஆபத்து. பின்னால் வருவது தெரியாமல் நிற்பவனை அது இடித்துவிடும்.

நிலத்தையும் வீட்டையும் இழந்த குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் முதல், உழைக்கும் உடல் ஒன்றுதான். அந்த உடல் பழுதானால் குடும்பமே இரண்டாம் முறை இடம்பெயர்ந்தது போலாகும். எனவே வண்டி ஓட்டுபவர் மட்டுமல்ல, அதன் அருகே மூட்டை அடுக்குபவரும் கூட்டித் துடைப்பவரும் இவ்விடயங்களை அறிந்திருப்பது நல்லது.

துலாவும் போர்க்லிஃப்டும்

கிணற்றுத் துலாவை அறிந்தவர்களுக்கு இந்த வண்டியை விளங்கிக்கொள்வது கடினமல்ல. ஆடுகாலின் ஒரு பக்கத்தில் தண்ணீர்ப் பட்டை, மறுபக்கத்தில் பாரம். இரண்டும் ஒத்துப்போனால் துலா சொன்னபடி கேட்கும். போர்க்லிஃப்டில் முன் சில்லுகளே ஆடுகால். முன்னால் கவரில் சுமை. பின்னால் வார்ப்பிரும்பும் பற்றறியும். பற்றறி மின்சாரம் தருவதற்கு மட்டுமல்ல, வண்டி முன்னுக்குக் குப்புற விழாமல் பின்பாரமாக இருப்பதற்கும் உதவுகிறது. எனவே பற்றறியை மாற்றும்போது நிறை குறைந்த ஒன்றைப் போட்டால் வண்டியின் தூக்கும் சக்தியும் குறைந்துவிடும். குறைந்தபட்சம் எவ்வளவு நிறையுள்ள பற்றறி வேண்டும் என்பது வண்டியின் தகட்டில் எழுதப்பட்டிருக்கும்.

அதே தகட்டில், எவ்வளவு சுமையை எவ்வளவு தூரத்தில் தூக்கலாம் என்பதும் இருக்கும். 2,000 கிலோ, 500 மில்லிமீற்றர் என்று இருந்தால், சுமையின் நடு கவரின் குதிக்காலிலிருந்து அரை மீற்றர் தூரத்துக்குள் இருக்கும்போதே 2,000 கிலோவைத் தூக்கலாம் என்பது பொருள். சுமை நீண்டு அதன் நடு வெளியே போகப் போக, தூக்கக்கூடிய அளவு குறையும்.

உதாரணமாக, முன் சில்லின் அச்சிலிருந்து கவரின் குதிக்கால் 40 சென்ரிமீற்றர் தூரம் என்று வைப்போம். சுமையின் நடு 50 சென்ரிமீற்றரில் இருந்தால் மொத்தத் தூரம் 90. நடு 80 சென்ரிமீற்றருக்குப் போனால் மொத்தத் தூரம் 120. துலாக் கணக்குப்படி 2,000 கிலோ தூக்கிய அதே வண்டி இப்போது 1,500 கிலோவைத்தான் தாங்கும். 50 கிலோ உரமூட்டை 40 போடலாம் என்று எண்ணிய இடத்தில் 30 மூட்டைதான். மூட்டைகளுக்குக் கீழேயுள்ள பலகைத் தட்டின் நிறையையும் இதில் சேர்க்க வேண்டும்.

"பின்னால் இரண்டு பேர் ஏறி நின்றால் தூக்கும்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அப்படி ஒருபோதும் ஏறாதீர்கள். சுமை சரியும்போது முதலில் தூக்கி எறியப்படுபவர்கள் அவர்களே.

வேலை தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

வண்டியை ஒவ்வொரு நாளும் வேலைக்கு எடுக்குமுன் பரிசோதிக்க வேண்டும். இரவு பகலாக ஓடும் இடத்தில் ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் பார்க்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும். முதலில் சாவியைத் திருப்பாமல், வண்டியைச் சுற்றி நடந்து பாருங்கள்.

1. நிலம்: வண்டியின் கீழே ஒயில் அல்லது அசிட் சொட்டியிருக்கிறதா? ஹைட்ரோலிக் குழாயில் கசிவு இருந்தால் கையால் தடவித் தேடாதீர்கள். அழுத்தத்தோடு பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்.

2. கவர்கள்: வெடிப்பு, வளைவு உண்டா? இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் உள்ளனவா? கவர் வளையும் குதிக்காலே அதிகம் தேயும் இடம். பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் கவரை மாற்ற வேண்டும். 40 மில்லிமீற்றர் தடிப்பு 36 ஆனால் அது கழிக்க வேண்டிய கவர். தேய்ந்தது பத்தில் ஒரு பங்குதான் என்றாலும் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

3. சங்கிலிகள்: இரு பக்கச் சங்கிலியும் ஒரே இறுக்கமாக உள்ளனவா? துரு, உடைந்த கண்ணி உண்டா? 100 சென்ரிமீற்றராக இருந்த நீளம் 103 ஆக நீண்டால் சங்கிலி மாற்றப்பட வேண்டும். தூக்கும் சட்டத்தின் இடைவெளிக்குள் கை விடவே கூடாது.

4. சில்லுகள்: வெட்டு, பிளவு, பதிந்த ஆணி, தளர்ந்த நட்டு.

5. தலைக்கு மேலுள்ள காவல் கூடு, ஆசனப் பட்டி, தகட்டிலுள்ள எழுத்து ஆகியன ஒழுங்காக உள்ளனவா?

6. பற்றறி: மூடிகள் இறுகியுள்ளனவா? வயரின் உறை உரிந்திருக்கிறதா? செருகி கருகியிருக்கிறதா? பற்றறி பெட்டிக்குள் ஆடாமல் நிற்கிறதா?

இதன் பிறகு ஆசனத்தில் ஏறிச் சாவியைத் திருப்புங்கள். ஹோர்ண், விளக்கு, பின்னோக்கிப் போகும்போது ஒலிக்கும் மணி ஆகியவற்றைப் பாருங்கள். மெதுவாக ஓட்டி, கால் பிறேக்கையும் கை பிறேக்கையும் பாருங்கள். ஸ்ரியறிங்கில் தளர்வு உண்டா? கவரை உயர்த்தி, இறக்கி, முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஆசனத்தை விட்டு எழுந்தால் வண்டி ஓடாதிருக்கும் அமைப்பு வேலை செய்கிறதா? அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் வேலை செய்கிறதா? பார்த்ததைப் பதிவுப் புத்தகத்தில் திகதியோடு எழுதி ஒப்பமிடுங்கள்.

பற்றறி என்னும் பசு

பால் தரும் பசுவைத் தீனியும் தண்ணீரும் ஓய்வும் கொடுத்துப் பார்ப்பது போலவே இந்தப் பற்றறியையும் பார்க்க வேண்டும். வழக்கமான ஈய அசிட் பற்றறியில் ஒவ்வொரு அறையும் 2 வோல்ற்று. 48 வோல்ற்றுப் பற்றறியில் 24 அறைகள். நன்றாகப் பராமரித்தால் ஏறக்குறைய 1,500 தடவை சார்ஜ் பண்ணலாம். ஐந்து வருடம் வரை உழைக்கும். கவனிக்காவிட்டால் இரண்டு வருடத்திலேயே செத்துவிடும்.

தீனி: ஐந்தில் நான்கு பங்கு மின்சாரம் தீர்ந்தவுடன் வேலையை நிறுத்திச் சார்ஜுக்குப் போட வேண்டும். முற்றாக வற்றும்வரை ஓட்டினால் ஈயத் தகடுகள் கெடும். முழுச் சார்ஜுக்குச் சாதாரணமாக எட்டு மணித்தியாலம் செல்லும். ஹைட்ரோமீற்றரால் பார்த்தால் நிறைந்த பற்றறி 1.280 அளவில் காட்டும். ஓர் அறை மட்டும் மற்றவற்றை விடக் குறைவாகக் காட்டினால் அதைப் பொறுப்பாளருக்கு அறிவியுங்கள்.

தண்ணீர்: காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே. கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். அது தகடுகளைக் கெடுக்கும். சார்ஜ் முடிந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். முன்னரே நிறைத்தால் சார்ஜாகும்போது பொங்கி அசிட் வெளியே வழியும். தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், அவை மூடும் அளவுக்குச் சிறிது விட்டுவிட்டுச் சார்ஜுக்குப் போடலாம். அசிட்டை ஒருபோதும் ஊற்ற வேண்டாம், வற்றுவது தண்ணீரே.

ஓய்வு: சார்ஜ் முடிந்ததும் பற்றறி சூடாக இருக்கும். முடியுமானால் அது ஆறிய பின்னரே வேலைக்கு எடுங்கள்.

சார்ஜாகும்போது பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தால் ஒரு சிறு பொறியிலேயே வெடிக்கும். எனவே சார்ஜ் அறையில் காற்றோட்டம் வேண்டும். பற்றறியின் மேல்மூடியைத் திறந்து வைக்க வேண்டும். பீடியும் சிகரெட்டும் கூடாது. செருகியைக் கழற்றுமுன் சார்ஜரை நிறுத்துங்கள். ஸ்பனர் முதலிய இரும்புச் சாமான்களைப் பற்றறியின் மேல் வைக்காதீர்கள். மோதிரம், காப்பு, சங்கிலி முதலியவற்றைக் கழற்றி வையுங்கள்.

அசிட்டோடு வேலை செய்யும்போது கண்ணாடியும் இறப்பர்க் கையுறையும் ஏப்பிரனும் அணியுங்கள். அசிட் கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, பின்னர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நிலத்தில் சிந்தினால் அப்பச்சோடா தூவி, நுரைப்பது நின்றபின் கழுவுங்கள்.

இப்போது லிதியம் பற்றறி பூட்டிய வண்டிகளும் வருகின்றன. அவற்றுக்குத் தண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அதற்கென வந்த சார்ஜரையே பாவிக்க வேண்டும். வீங்கிய, அடிபட்ட, அளவு மீறிச் சுடும் பற்றறியை யாரும் திறக்கக் கூடாது.

ஓட்டும்போதும் அருகில் நிற்கும்போதும்

சுமையோடு போகும்போது கவரை நிலத்திலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்து, சற்றுப் பின்னே சாய்த்துக்கொள்ளுங்கள். உயர்த்திய சுமையோடு திரும்பினால் வண்டி பக்கவாட்டில் கவிழும். சரிவில் ஏறும்போதும் இறங்கும்போதும் சுமை மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும். அதாவது இறங்கும்போது பின்னோக்கி வர வேண்டும். சுமை பார்வையை மறைத்தாலும் பின்னோக்கியே ஓட்டுங்கள்.

வண்டி கவிழ்ந்தால் குதிக்காதீர்கள். குதிப்பவரின் மேலேதான் காவல் கூடு விழும். பட்டி அணிந்தபடி ஸ்ரியறிங்கை இறுகப் பிடித்து, கால்களை ஊன்றி, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயுங்கள்.

அருகில் நிற்பவர்களே, உயர்த்திய கவரின் கீழ் ஒரு நொடியும் நிற்காதீர்கள். இந்த வண்டி பின் சில்லால் திரும்புவது. எனவே திரும்பும்போது அதன் பின்புறம் வீசி வரும். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நிற்காதீர்கள். கவரில் ஏறி நின்று உயரத்திலுள்ள சாமானை எடுக்காதீர்கள்.

பிழை கண்டால் என்ன செய்வது?

பிறேக்கில் பிழை, சங்கிலியில் பிழை, கவரில் வெடிப்பு ஆகியவற்றைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள். சாவியை எடுத்து, "பாவிக்க வேண்டாம்" என்ற அட்டையைத் தொங்கவிட்டு, பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பதிவுப் புத்தகத்திலும் எழுதுங்கள். திருத்துவது பயிற்சி பெற்றவரின் வேலை. கம்பி கட்டி ஓட்டுவது திருத்தமாகாது.

"இன்று மட்டும் ஓட்டு, நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சு வரும். ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரரின் கீழ் நாட்கூலிக்கு நிற்பவருக்கு, முடியாது என்று சொல்வது எளிதல்ல என்பதை நாம் அறிவோம். அதனால்தான் தனியே சொல்லாமல், கூட வேலை செய்வோர் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். பயிற்சி பெறாதவர் வண்டியை ஓட்டச் சொன்னால், முதலில் பயிற்சி தரும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

இலங்கையில் தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்கென 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொழில் திணைக்களமே அதற்குப் பொறுப்பு. வேலையில் காயப்பட்டவருக்கும், இறந்தவரின் குடும்பத்துக்கும் நட்டஈடு கிடைக்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. ஆகவே விபத்து நேர்ந்தால் நாள், நேரம், இடம், கண்ட சாட்சிகள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரித் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சம்பளத் துண்டையும் எறியாதீர்கள். வேலை செய்ததற்கு அதுவே அத்தாட்சி.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

கழித்த பற்றறியை வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்து, ஈயத்தை உருக்கி விற்பது சில இடங்களில் நடக்கிறது. இதனை அனுமதிக்க வேண்டாம். ஈயப் புகையும் தூசியும் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அந்தப் பாதிப்பு பின்னர் மாறாது. வளவு மண்ணும் நஞ்சாகும். வேலை உடுப்பில் அசிட்டோ பற்றறித் தூசியோ பட்டிருந்தால் பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே தோயுங்கள்.

விதைக்குமுன் விதை நெல்லைப் பார்த்தவர்கள் நாம். வண்டில் கட்டுமுன் கடையாணி இருக்கிறதா என்று பார்த்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை ஊரோடு விட்டுவரவில்லை. களஞ்சியத்திலும் அதைக் கைவிடாதிருப்போம். சாவி திருப்புமுன் செலவிடும் பத்து நிமிடம், மாலையில் முழு உடலோடு வீடு திரும்புவதற்கான நேரம்.