சோற்றைக் குறைப்பது எப்படி?

நீரிழிவு என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது இனிப்பு. காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால், சோற்றிலுள்ள மாவுச்சத்தும் குடலில் குளுக்கோசாகப் பிரிந்து இரத்தத்தில்தான் கலக்கிறது. அதை உயிரணுக்களுக்குள் செலுத்தத் துணைபுரிவது கணையம் சுரக்கும் இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. ஆகவே, வரும் சுமையைக் குறைப்பது அறிவுக்குப் பொருந்திய வழியே.

எவ்வளவு குறைப்பது? தகராறே இங்குதான். ஊரில் என் தந்தையார் ஒரே நாளில் சோற்றை அறவே விட்டார். மருத்துவரிடம் சொல்லவில்லை, மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விழுங்கிவந்தார். நான்காம் நாள் வியர்த்து, கை நடுங்கித் திண்ணையில் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, நினைவு தப்பவில்லை. சர்க்கரை கரைத்த நீர் கொடுத்து மீட்டார்கள். இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ கொள்பவர் உணவை மாற்றுமுன் மருத்துவரைக் கண்டே தீரவேண்டும்.

கடும்பத்தியம் பலன் தராமலில்லை. 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளிவந்த கட்டுரை, ஆறு மாதத்தில் நல்ல பயனைக் காட்டியது. பன்னிரண்டாம் மாதத்தில் அது பெரிதும் தேய்ந்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2022-இல் கூறியதோ நமக்கு எட்டக்கூடியது: ஆற்றலில் 60 முதல் 75 விழுக்காடு வரை மாவுச்சத்திலிருந்து பெறும் நாம், நீரிழிவு புதிதாகக் கண்டவராயின், அதை 49–54 விழுக்காடாக்கிப் புரதத்தை 20 அளவுக்கு உயர்த்தலாம்.

'சோறு வேண்டாம், சப்பாத்தி போதும்' என்பார் நம் விடுதியிலும் உண்டு. நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து. கோதுமை மாவில் 70. நார்ச்சத்து கூடுதல் என்பது மெய். ஆயினும் ஆறு சப்பாத்தி ஆறு சப்பாத்திதானே!

தந்தையார் இப்போது முதலில் கீரையும் அவரைக்காய்ப் பொரியலும், பிறகு சுண்டலோ முட்டையோ மீனோ உண்கிறார். கடைசியில்தான் ஒரு சிறு கிண்ணம் சோறு, குழம்புடன். காயையும் புரதத்தையும் முன்னர் உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது. காலையில் ஆறு இட்லி இரண்டாயிற்று, சட்டினி குறையவில்லை. மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். பத்து மாதமாக இம்முறை நடக்கிறது. பொங்கலன்று மட்டும் சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி வேண்டுமென்கிறார். மருத்துவரும் அதற்குத் தலையசைத்துவிட்டாராம்.