மோட்டார் ஓட்டும் தேர்வில் முதல் முறையே வெற்றி பெற

தேர்வு என்பது மாணவர்களாகிய நமக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் எழுதுகிறோம், கடைசி இரவில் கண்விழித்துப் படித்தேனும் தேறிவிடுகிறோம். ஆனால், கண்விழிப்பால் தேற முடியாத தேர்வு ஒன்று உண்டு. அதுதான் மோட்டார் ஓட்டும் தேர்வு. வகுப்பிலே முதலிடம் பெற்றவரும் இதிலே சில நிமிடங்களில் தோற்றுத் திரும்புவதுண்டு. வண்டி ஓட்டத் தெரிந்தால் போதும் என்று எண்ணிச் செல்வதே பெரும்பாலும் இதற்குக் காரணம். தேர்வாளர் காண விரும்புவது கையின் திறமையை மட்டுமன்று, கண்ணின் பழக்கத்தையும்தான்.

முதற்கண் சட்டம் கூறுவதை அறிவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதலிற் பெறுவது பழகுநர் உரிமம். அது 6 மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே நிலையான உரிமத்துக்குரிய தேர்வுக்குச் செல்லலாம். தில்லியில் தங்கிப் படிப்பவர், இதற்காகச் சொந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை; வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே விண்ணப்பிக்கலாம். விடுதி முகவரிக்கு எவ்வகைச் சான்று ஏற்கப்படும் என்பதை மட்டும் முன்னதாகவே கேட்டறிந்து கொள்க.

எந்த வகை வண்டிக்கு உரிமம் கேட்கிறோமோ, அந்த வகை வண்டியில்தான் தேர்வு நடக்கும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் தேறியவர் கியர் இல்லாத ஸ்கூட்டரையும் ஓட்டலாம். ஸ்கூட்டரில் தேறியவர் மோட்டார் சைக்கிளை ஓட்ட இயலாது. ஆகவே, எது வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்வது நலம்.

பழகுநர் உரிமத்துக்கு முன் சாலை விதிகளைப் பற்றிய கேள்விகள் உண்டு. நூற்றுக்கு 60 விழுக்காடு சரியாக விடையளிக்க வேண்டும். இதற்கு நெட்டுருப் போட வேண்டியதில்லை. சாலைக் குறிகளுக்கு உருவமே மொழி. முக்கோணம் எச்சரிக்கும், வட்டம் கட்டளையிடும், நீள்சதுரம் செய்தி கூறும். 'நில்' என்பதற்கு எண்கோணம். 'வழி விடு' என்பதற்குத் தலைகீழ் முக்கோணம். இந்தி எழுத்து அறியாத நம்மவரும் இவற்றை எளிதில் படித்துவிடலாமன்றோ?

இனி அந்த 30 நாட்கள். பலர் இதைக் காத்திருக்கும் காலமாகக் கருதுகின்றனர். உண்மையில் இதுவே பயிற்சிக் காலம். வெள்ளைப் பரப்பிலே சிவப்பு நிறத்தில் 'எல்' எழுத்துப் பலகையை வண்டியின் முன்னும் பின்னும் மாட்டி, உரிமம் பெற்ற ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். நாளும் அரைமணி நேரம் ஓட்டுவது, கடைசி வாரத்தில் நாள் முழுதும் ஓட்டுவதைவிடப் பயன் தரும்.

இருசக்கர வண்டிக்காரர் அஞ்சுவது 'எட்டுப் போடு'வதற்கே. அதிலே மந்திரம் ஏதுமில்லை. முதல் கியரில், ஒரே சீரான மெதுவான வேகத்தில் செல்க. கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை இலேசாக மிதித்தால் வண்டி கட்டுக்குள் நிற்கும். வளைவில் முன் பிரேக்கைத் தொடலாகாது. முன் சக்கரத்தையோ தரையையோ பாராமல், அடுத்துச் செல்ல வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகும் வழியே வண்டியும் போகும். கால் தரையில் பட்டால் முயற்சி வீண்.

கார் ஓட்டுவோர்க்கு இரண்டு சோதனைகள் கடினம். ஒன்று, ஏற்றத்தில் நிறுத்திப் பின்னுக்கு உருளாமல் மீண்டும் எடுப்பது. கைப்பிரேக்கைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்த பிறகே கைப்பிரேக்கை எடுத்தால் உருளாது. மற்றொன்று, குறுகிய இடத்தில் பின்னோக்கிச் செலுத்துவது. இதற்கு வேண்டுவது பொறுமையே. திரும்பிப் பார்த்து, நடைவேகத்தினும் மெதுவாகச் செல்க.

இவற்றையெல்லாம் நன்றாகச் செய்தும் தோற்பவர் உண்டு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் தேர்வில் காண வேண்டியவற்றை ஒரு நீண்ட பட்டியலாகத் தருகின்றன. அதில் முதலில் நிற்பது பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்வது! சைகை காட்டுமுன், திரும்புமுன், முந்துமுன், நிறுத்துமுன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பதும் அதிலே உண்டு. பட்டியலின் முடிவில் இருப்பது, சாலையைப் பயன்படுத்தும் பிறரிடம் காட்டும் மரியாதை. தில்லியில் இன்று தானியங்கித் தடங்களில் கேமராக்களே தேர்வாளராக நிற்கின்றன. அவற்றிடம் சமாதானம் சொல்லித் தப்ப முடியாது. சைகை விளக்கு, இருக்கைப் பட்டை, தலைக்கவசம் ஆகியவை நினைத்துச் செய்யும் செயல்களாக இல்லாமல், நினையாமலே வரும் பழக்கங்களாக வேண்டும்.

நம்மவர்க்கென ஒரு சொல். அலுவலகத்தில் கட்டளைகள் இந்தியில் வரலாம். 'தாயே' என்றால் வலப்பக்கம். 'பாயே' என்றால் இடப்பக்கம். 'ருகோ' என்றால் நில். 'பீச்சே' என்றால் பின்னே. முதலிரண்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால் நண்பர் ஒருவரைச் சொல்லச் சொல்லிப் பழகுக. விளங்காவிட்டால் திரும்பக் கேட்பதில் இழுக்கில்லை.

தேர்வன்று, நாம் பழகிய வண்டியையே கொண்டு செல்வோம். பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, பழகுநர் உரிமம் ஆகியவை கையில் இருக்கட்டும். பிரேக், விளக்குகள், டயர்க் காற்று ஆகியவற்றை முதல் நாளே பார்த்துவிடுக. தவறினாலும் உலகம் முடிந்துவிடாது. 7 நாட்களுக்குப் பின் மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் மட்டும் 60 நாட்கள் காத்திருந்து, திருத்தப் பயிற்சியும் பெற வேண்டும்.

இத்தனை எதற்கு, தரகரிடம் பணம் கொடுத்தால் முடிந்துவிடாதா என்று கேட்போர் விடுதிதோறும் உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகள். 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 30 வயதுக்கு முன் பெறும் உரிமம் 40 வயது வரை செல்லும். இருபது வயதில் தேறியவரை அடுத்த இருபது ஆண்டுகள் எவரும் மீண்டும் சோதிப்பதில்லை. மற்றொன்று, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டோர். தலைக்கவசம் அணியாமல் மாண்டவர் மட்டும் 50,029 பேர். விலைக்கு வாங்கிய உரிமம் காவலரைத் திருப்தி செய்யலாம். எதிரே வரும் லாரியைத் திருப்தி செய்யுமா?

விடுமுறைக்கு நாம் ஊர் திரும்பும் நாளை எண்ணிக் காத்திருக்கும் பெற்றோர் நமக்கு உண்டு. சாலையில் நாம் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு வீடு உண்டு. அவர்களும் நலமாக வீடு சேர வேண்டும் என்று எண்ணி ஓட்டப் பழகுவோம். அப்படிப் பழகியவர்க்கு, ஓட்டுநர் தேர்வு மற்றுமொரு நாள் வண்டி ஓட்டுவதே அன்றி வேறில்லை.